இன்டர்நெட்ல ஆராய்ச்சி எப்படி வந்துச்சு, இனிமே எங்க போகும்?

ஆய்வு_மாணவி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம்தான் பிஎச்டி சேர்ந்தேன், சோஷியல் மீடியால வதந்தி எப்படி பரவுதுங்கறதுதான் டாபிக். லிட்டரேச்சர் ரிவ்யூ (இதுவரைக்கும் வந்த ஆய்வுகளப் படிச்சுத் தொகுக்கறது) பண்ண உக்காந்ததுல இருந்து ஒரே குழப்பம், தெரிஞ்சவங்க சொல்லுவீங்கன்னு நம்பி எழுதறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

ஒரு பேப்பர் தேடறேன், கூகுள் ஸ்காலர்ல வருது, க்ளிக் பண்ணா காசு கேக்குது. அதே பேப்பர் ஆர்க்கைவ் (arXiv) தளத்துல ஃப்ரீயா கிடைக்குது, ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா டேபிள்ல நம்பர் மாறியிருக்கு, இதுல எத சைட் பண்றது, அதாவது ஆதாரமா காட்டறது? பழைய பேப்பர் ஒண்ணுல "டேட்டா முழுக்க இந்த லிங்க்ல இருக்கு"ன்னு போட்டிருக்காங்க, அந்த லிங்க் எங்கயுமே போகல. 2021, 2022 பேப்பர்ல எல்லாம் ட்விட்டர்ல இருந்து டேட்டா எடுத்தோம்னு ஏதோ குழாயத் திறந்து தண்ணி புடிச்ச மாதிரி எழுதியிருக்காங்க, இன்னிக்கு அந்த வழியே இல்ல. இதுக்கு நடுவுல லேப்ல பாதி பேர் லிட்டரேச்சர் ரிவ்யூவ ஏஐ கிட்டயே கேட்டு எழுதிடறாங்க.

எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு. ஒண்ணு, இந்த ஏற்பாடெல்லாம் யாரு எப்ப பண்ணது, முன்னாடி எப்படி இருந்துச்சு. ரெண்டாவது, இன்னும் பத்து வருஷம் கழிச்சு நான் இப்ப எழுதறத யாராவது எடுத்துப் படிச்சு சரியா தப்பான்னு பார்க்க முடியுமா? அஞ்சு வருஷம் உழைச்சுட்டு அது காத்துல போயிடுமோன்னு நிஜமாவே பயமா இருக்கு.

---

பழைய_இயற்பியல்:

நல்ல கேள்விமா. முதல் பாதிக்கு நான் சொல்றேன், ஏன்னா இது ஆரம்பிச்சதே எங்க ஏரியாலதான், அந்த மாற்றத்த கண்ணால பார்த்தவன் நான்.

ஜர்னல்ங்கற ஏற்பாடு 1665ல வந்தது, லண்டன்ல ஹென்றி ஓல்டன்பர்க் ஃபிலசாஃபிகல் டிரான்ஸாக்ஷன்ஸ் ஆரம்பிச்சார், அதே வருஷம் பாரிஸ்லயும் ஒண்ணு வந்துச்சு. அதுக்கப்பறம் முந்நூறு வருஷத்துக்கு மேல அடிப்படைல ஒண்ணும் மாறல, எழுது, அனுப்பு, எடிட்டர் பார்ப்பார் (துறை ஆளுங்க ரெண்டு பேர் படிச்சுப் பார்க்கற பியர் ரிவ்யூ பின்னாடிதான் பரவலாச்சு), அச்சாகும், தபால்ல வரும். அச்சாகறதுக்குள்ள மாசக்கணக்கா ஆகும்ங்கறதால துகள் இயற்பியல்ல இருந்தவங்க பேப்பர எழுதின கையோட ஜெராக்ஸ் எடுத்து தெரிஞ்ச டிபார்ட்மென்டுக்கெல்லாம் தபால்ல அனுப்புவாங்க, அதுதான் ப்ரீப்ரிண்ட். இதுல இருந்த அநியாயம் என்னன்னா பெரிய இடத்துல இருக்கறவன் அந்தத் தபால் லிஸ்ட்ல இருப்பான், அவன் கைக்கு முதல் வாரமே வந்துடும், சின்ன காலேஜ்ல இருக்கறவன் ஜர்னல் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும், அதுக்குள்ள அடுத்த ரெண்டு பேப்பர் அவங்க எழுதி முடிச்சிருப்பாங்க. மூளை இருந்தும் தகவல் லேட்டா வந்ததால பின்தங்கினவங்கள எனக்குத் தெரியும்.

எண்பதுகள்ல டெக் (TeX), அதாவது சமன்பாடெல்லாம் டைப் பண்ற சாஃப்ட்வேர், பரவினப்பறம் சமன்பாட்டோட பேப்பர அப்படியே ஈமெயில்ல அனுப்ப முடிஞ்சுது. ஆனா அப்ப டிஸ்க்ல இடம் ரொம்பக் கம்மி. ஊருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஈமெயில்ல வந்து குவியற பேப்பர்ல என் டிஸ்க் ரொம்பிடுமோன்னு ஒரு இயற்பியலாளர் கவலைப்பட்டு சொன்னதக் கேட்டுத்தான் பால் கின்ஸ்பார்க்ங்கற இன்னொரு இயற்பியலாளருக்கு யோசனை வந்துச்சு, எல்லாருக்கும் எல்லாத்தையும் எதுக்கு அனுப்பணும், ஒரே இடத்துல வெச்சுட்டா வேணுங்கறவன் கேட்டு எடுத்துக்கட்டுமே. 1991 ஆகஸ்ட்ல அமெரிக்கால லாஸ் அலமோஸ் ஆய்வகத்துல அவர் மேசைக்கு அடியில இருந்த கம்ப்யூட்டர்ல அது ஓட ஆரம்பிச்சுது, அதுதான் இன்னிக்கு ஆர்க்கைவ். அப்ப வெப்சைட் எல்லாம் இல்ல, ஈமெயில்தான். சப்ஜெக்ட் லைன்ல கட்டளையும் பேப்பர் நம்பரும் போட்டு அனுப்பினா மெஷினே பதில் அனுப்பும், வர்றது டெக் ஃபைல், அத நாமதான் கம்பைல் பண்ணிப் படிக்கணும். நம்பர் 9108001னு இருந்தா 91ஆம் வருஷம், ஆகஸ்ட் மாசம், முதல் பேப்பர். வருஷத்துக்கு நூறு பேப்பர் வரும்னு அவர் நினைச்சார், முதல் ஆறு மாசத்துலயே 400 வந்துடுச்சு. 2001ல அது கார்னெல் யுனிவர்சிட்டிக்குப் போச்சு, 2022 ஆரம்பத்துல இருபது லட்சம் பேப்பரத் தாண்டிடுச்சு.

வெப்பும் இதே கூட்டத்துக்காக வந்ததுதான்மா. செர்ன்ங்கற ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வகத்துல ஆளுங்க வந்துட்டும் போயிட்டும் இருப்பாங்க, யார் எந்தத் தகவல எங்க வெச்சாங்கன்னே தெரியாமப் போகுதுன்னு 1989ல டிம் பெர்னர்ஸ் லீ எழுதிக் குடுத்த திட்டம் அது. அமெரிக்கால முதல் வெப் சர்வர் 1991 டிசம்பர்ல ஸ்டான்ஃபோர்ட் லீனியர் ஆக்ஸிலரேட்டர் சென்டர்ல வந்துச்சு, எதுக்குன்னா இயற்பியல் பேப்பர் டேட்டாபேஸ்ல தேடறதுக்கு. 1993 ஏப்ரல் 30 அன்னிக்கு செர்ன் அத யாரு வேணும்னாலும் காசில்லாம பயன்படுத்தலாம்னு விட்டுக் குடுத்துச்சு. இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, ஆராய்ச்சி பின்னாடி வந்து இன்டர்நெட்ல ஏறிக்கிச்சுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, வெப் பொறந்ததே ஆராய்ச்சிக்காரங்க தேவைக்குத்தான்.

இதோட பலம் என்னன்னு ஒரே ஒரு உதாரணம். 2002 நவம்பர்ல கிரிகோரி பெரெல்மான் ஆர்க்கைவ்ல ஒரு பேப்பர் போட்டார், 2003ல இன்னும் ரெண்டு. பாயிங்கரே கணிப்புங்கற பெரிய கணிதப் புதிருக்கான நிரூபணம், நூறு வருஷமா யாராலயும் முடியாதது. எந்த ஜர்னலுக்கும் அனுப்பல. உலகம் பூரா கணிதக்காரங்க குழு குழுவா உக்காந்து வருஷக்கணக்கா வரி வரியா சரிபார்த்தாங்க, சரின்னு ஆச்சு. சரிபார்க்கணும்னு மனசு இருக்கற ஆளுங்க இருந்தா ஜர்னல் முத்திரை இல்லாமலே அது நடக்கும்.

உன் டேபிள் பிரச்சனைக்கு: ஆர்க்கைவ்ல ஒவ்வொரு வெர்ஷனும் அழியாம இருக்கும், வி1, வி2ன்னு. நீ எதப் படிச்சியோ அந்த வெர்ஷன் நம்பரோட சைட் பண்ணு. ஜர்னல்ல நம்பர் மாறியிருந்தா பியர் ரிவ்யூல ஏதோ பிடிபட்டிருக்கலாம், அப்ப ஜர்னல்ல வந்ததையே எடுத்துக்கோ. முடிஞ்சா ஏன் மாறிச்சுன்னு ஆத்தருக்கு ஒரு மெயில் போடு, பெரும்பாலும் பதில் சொல்லுவாங்க.

---

நூலக_மேசை:

சார் சொன்னதோட இன்னொரு பக்கத்த நான் சொல்றேன். நான் ஆராய்ச்சி நூலகத்துல வேலை பார்க்கறவ, எனக்கு இது தினசரி விஷயம்.

போடறது சுலபமாச்சு, பரவறது வேகமாச்சு, ரெண்டும் உண்மை. ஆனா "இத யாரு பாதுகாக்கணும்"ங்கற கேள்விக்கு இன்டர்நெட் வந்தப்பறம் யாருமே ஒழுங்கா பதில் சொல்லல, நீ பயப்படறது அங்கதான் வந்து நிக்குது.

அச்சு காலத்துல ஒரு ஜர்னல் வாங்கினா அது ஷெல்ஃப்ல இருக்கும். அடுத்த வருஷம் சந்தா கட்ட முடியலன்னாலும் பழைய இதழ் எங்கயும் போகாது. பதிப்பகமே மூடிட்டாலும் உலகத்துல ஏதோ நூறு நூலகத்துல காப்பி இருக்கும். அப்படி இருக்கணும்னு யாரும் திட்டம் போடல, தானா நடந்துச்சு. ஆன்லைன் வந்தப்பறம் நூலகம் வாங்கறது புத்தகம் இல்ல, பார்க்க அனுமதி. நிறைய ஒப்பந்தத்துல காசு நின்னா அனுமதியும் நின்னுடும். காப்பி அவங்க சர்வர்லதான்.

விலையும் சும்மா ஏறல, வேற எங்கயும் வாங்க முடியாத சரக்கு இது. குறிப்பிட்ட பேப்பர் குறிப்பிட்ட ஜர்னல்லதான் இருக்கு, அவங்க சொல்றதுதான் விலை. எழுதறவங்களுக்கு ஜர்னல் சம்பளம் குடுக்கறதில்ல, ரிவ்யூ பண்றவங்களுக்கும் பெரும்பாலும் குடுக்கறதில்ல, கடைசில அதே ஆளுங்களோட நூலகம்தான் காசு குடுத்து வாங்கணும். 2012ல ஹார்வர்டு நூலகமே ஜர்னலுக்கு மட்டும் வருஷத்துக்கு 37.5 லட்சம் டாலர் போகுது, இது தாங்காதுன்னு வெளிப்படையா எழுதிச்சு, அவங்களுக்கே அப்படின்னா மத்தவங்க கதி என்ன. இதுக்கு எதிரா வந்ததுதான் ஓப்பன் ஆக்சஸ், 2002 பிப்ரவரில புடாபெஸ்ட் பிரகடனம், அதுல சொன்னது தெளிவான விஷயம், பழைய கல்விமரபும் புது டெக்னாலஜியும் சேர்ந்தா எல்லாரும் காசில்லாம படிக்கலாம்னு. பிரேசில்ல சயலோ அதுக்கு முன்னாடியே, 1998லயே, ஜர்னல்கள காசில்லாம வெப்ல போட ஆரம்பிச்சிடுச்சு, இது அதிகமா யாரும் பேசறதில்ல, பேசணும்.

ஆனா அந்தக் கனவுல பாதிதான் நடந்துச்சு. படிக்கறவன் குடுத்த காச இப்ப எழுதறவன் குடுக்கறான். 2020 கடைசில நேச்சர் ஜர்னல் ஒரு பேப்பர ஓப்பனா போட 9,500 யூரோன்னு அறிவிச்சுது. படிக்கறதுக்குக் கதவு திறந்துச்சு, எழுதறதுக்கு மூடிக்கிச்சு, பணம் இல்லாத டிபார்ட்மென்ட் ரெண்டு காலத்துலயும் வெளியிலதான் நின்னுச்சு. எழுதறவன் கிட்டயும் படிக்கறவன் கிட்டயும் வாங்காம யுனிவர்சிட்டியோ அரசோ செலவ ஏத்துக்கற டைமண்ட் முறைதான் எனக்கு நியாயமா படுது, ஆனா அதுக்கு வருஷா வருஷம் யாராவது விடாம காசு குடுக்கணும்.

இப்ப பாதுகாப்பு. டிஓஐ இருந்தா பேப்பர் பத்திரம்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அது தப்பு. டிஓஐங்கறது ஒரு நிரந்தர நம்பர், அத க்ளிக் பண்ணா பதிப்பகம் பதிஞ்சு வெச்சிருக்கற விலாசத்துக்கு உன்ன திருப்பி விடும், அவ்வளவுதான். பதிப்பகம் விலாசம் மாறினா அத அப்டேட் பண்ணணும். பதிப்பகமே போயிட்டா, வேற எங்கயும் காப்பி இல்லன்னா, நம்பர் இருக்கும், பேப்பர் இருக்காது. 2024ல மார்ட்டின் ஈவ்ங்கற ஆய்வாளர் 74 லட்சத்துக்கும் மேல டிஓஐ எடுத்துப் பார்த்தார், அதுல சுமார் 28 சதவீதம் எந்தப் பெரிய பாதுகாப்பு ஆவணக்காப்பகத்துலயும் தென்படல. அதுக்கு முன்னாடி வந்த இன்னொரு ஆய்வு, 2000ல இருந்து 2019க்குள்ள 174 ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல் வெப்ல இருந்தே காணாமப் போயிடுச்சுன்னு கண்டுபிடிச்சுது. அடிக்குறிப்புல இருக்கற சாதாரண லிங்க் இன்னும் மோசம், ஹார்வர்டு லா ரிவ்யூல இருந்த லிங்க்ல 70 சதவீதத்துக்கு மேல சைட் பண்ணின விஷயத்துக்குப் போகவே இல்லைன்னு ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஜானதன் ஸிட்ரெயினும் கூட இருந்தவங்களும் காட்டினாங்க.

இதுக்கு வழி இல்லாம இல்ல. ஸ்டான்ஃபோர்டுல 1999ல லாக்ஸ்னு ஒரு ஏற்பாடு வந்துச்சு, பழைய ஷெல்ஃப் தத்துவமேதான், நிறைய நூலகத்துல நிறைய காப்பி, அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பார்த்து கெட்டுப்போன காப்பிய சரி பண்ணிக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996ல இருந்து வெப்ப சேமிக்குது. ஆனா 2024 அக்டோபர்ல அந்த இன்டர்நெட் ஆர்க்கைவையே ஹேக் பண்ணி நாள்கணக்கா படுக்க வெச்சுட்டாங்க, அன்னிக்கு எத்தனை பேர் தீசிஸ் ஒரே ஒரு இடத்த நம்பி இருக்குன்னு எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு.

நீ பண்ண வேண்டியது கஷ்டம் இல்ல. நீ சைட் பண்ற ஒவ்வொரு வெப் பக்கத்தையும் அன்னிக்கே இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல சேவ் பண்ணு, அந்த லிங்க்கையும் சேர்த்துப் போடு. உன் டேட்டா, கோட் ரெண்டையும் லேப் வெப்சைட்ல போடாத, அத நடத்தற பையன் வேலை கிடைச்சுப் போயிட்டா அதோட சரி. ஸெனோடோ மாதிரி இடத்துல போடு, செர்ன் நடத்தறது, டிஓஐ குடுப்பாங்க, வெர்ஷன் வெச்சுக்கலாம். யுனிவர்சிட்டி ரெபாசிட்டரிலயும் (அவங்களோட டிஜிட்டல் களஞ்சியம்) ஒரு காப்பி குடு. ரெண்டு இடம், ரெண்டு வேற வேற நிறுவனம்.

---

மரபணு_வாசகி:

பெரெல்மான் கதை அழகான கதைதான் சார், ஆனா எல்லாத் துறைலயும் அப்படி வரி வரியா பார்க்க ஆள் இருக்கறதில்ல. எங்க பக்கத்துல நடந்தத சொல்றேன்.

2020 ஜனவரி 11 வாக்குல கொரோனா வைரஸோட ஜீனோம, அதாவது முழு மரபணு வரிசைய, வைராலஜிக்கல்ங்கற தளத்துல போட்டாங்க, ஜாங் யோங்சென் குழு எடுத்தது, எட்வர்ட் ஹோம்ஸ் போட்டார். ஜர்னலுக்காகக் காத்திருக்கல. அந்த வரிசைய வெச்சுத்தான் டெஸ்ட் கிட்டும் தடுப்பூசி வேலையும் உடனே ஆரம்பிச்சாங்க. பயோஆர்க்கைவ்னு எங்க துறைக்கு ப்ரீப்ரிண்ட் தளம் வந்ததே 2013லதான், இயற்பியலுக்கு இருபது வருஷம் பின்னாடி, ஆனா அந்த வருஷம் அது இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே முடியல.

அதே ஜனவரி கடைசில இந்த வைரஸ்ல எச்ஐவி துண்டு இருக்குன்னு ஒரு ப்ரீப்ரிண்ட் வந்துச்சு, சில மணி நேரத்துல உலகம் பூரா ஆளுங்க அது ஏன் தப்புன்னு பிரிச்சு மேய்ஞ்சாங்க, ரெண்டு மூணு நாள்ல எழுதினவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க. மே மாசம் லான்செட்ங்கற மருத்துவ ஜர்னல்ல, பியர் ரிவ்யூ எல்லாம் தாண்டி, கொரோனாவுக்குக் குடுத்துப் பார்த்த ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மருந்து பத்தி ஒரு பேப்பர் வந்துச்சு, சர்ஜிஸ்ஃபியர்னு ஒரு கம்பெனியோட டேட்டா, அந்த டேட்டாவ யாருக்குமே காட்ட முடியலன்னு ஜூன் 4ல திரும்பப் பெற்றாங்க, அதுக்குள்ள அத நம்பி மருந்து சோதனைங்களையே நிறுத்தி வெச்சிருந்தாங்க. ப்ரீப்ரிண்ட்னா மட்டம், ஜர்னல்னா ஒசத்தின்னு நினைக்காத. டேட்டாவ வெளிய காட்டினாங்களா, அது ஒண்ணப் பாரு.

2023ல உலக அளவுல பத்தாயிரத்துக்கு மேல பேப்பர திரும்பப் பெற்றாங்க, அதுல எட்டாயிரத்துக்கு மேல ஹிந்தாவிங்கற ஒரே பதிப்பகத்தோடது. காசு வாங்கிட்டு பேப்பர் தயாரிச்சு விக்கற கும்பல் உள்ள புகுந்துடுச்சு. ஒரு பேப்பர் சைட் பண்றதுக்கு முன்னாடி திரும்பப் பெற்ற பேப்பர்கள பட்டியல் போடற ரிட்ராக்ஷன் வாட்ச் டேட்டாபேஸ்ல ஒரு தடவை தேடிடு, இப்ப டிஓஐ பதியற அமைப்பான க்ராஸ்ரெஃப் அத எல்லாருக்கும் திறந்து வெச்சிருக்கு. வந்த பேப்பர்கள வாசகர்கள் அலசற பப்பியர் தளத்துலயும் பாரு, ஃபோட்டோ திருட்டெல்லாம் அங்கதான் முதல்ல வெளிய வரும்.

---

டேட்டா_தேடி:

நானும் உங்க துறைதாங்க, அதனால உங்களுக்குப் பிடிக்காதத நேரா சொல்றேன். மத்தவங்க சொன்னது எல்லாம் இன்டர்நெட்ல ஆராய்ச்சிய வெளியிடறது பத்தி. நாம பண்றது இன்டர்நெட்டையே ஆராயறது. அங்க நிலைமை இன்னும் கஷ்டம், ஏன்னா நம்ம சான்று முழுக்க கம்பெனி கைல இருக்கு.

ஆரம்பத்துல தாராளமாத்தான் இருந்தாங்க, அதுலயே தப்பும் நடந்துச்சு. 2006ல ஏஓஎல்ங்கற அமெரிக்க இன்டர்நெட் கம்பெனி ஆராய்ச்சிக்குன்னு ஆறரை லட்சம் பேரோட மூணு மாச தேடல்கள வெளியிட்டுச்சு, பேருக்குப் பதிலா நம்பர் போட்டிருந்தாங்க. நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஒரே ஒரு நம்பரோட தேடல்கள வரிசையா படிச்சு, ஊர் பேரு, குடும்பப் பேரு, உடம்பு உபாதைன்னு சேர்த்து, அது எந்தப் பாட்டின்னு கண்டுபிடிச்சு வீட்டுக்கே போயிட்டாங்க. 2014ல ஃபேஸ்புக் ஆய்வு வந்துச்சு, 6,89,003 பேரோட ஃபீட்ல நல்ல பதிவையோ சோகப் பதிவையோ குறைச்சுக் காட்டி அவங்க எழுதறது மாறுதான்னு பார்த்தாங்க, அந்த ஆளுங்க ஒருத்தர் கிட்டயும் தனியா கேக்கல. அப்பறம் 2018ல கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம், கோடிக்கணக்கான ஃபேஸ்புக் பயனர்களோட டேட்டாவ அவங்களுக்குத் தெரியாம எடுத்தது. அதுக்கப்பறம் ஒவ்வொரு கதவா மூட ஆரம்பிச்சாங்க. மக்களோட அந்தரங்கத்தக் காப்பாத்தறோம்னு சொன்னாங்க, அதுல நியாயம் இருக்கு, ஆனா கம்பெனிய வெளியில இருந்து கேள்வி கேக்கறவங்களுக்கும் அதே கதவுதான் மூடிச்சு. 2021ல ட்விட்டர் ஆராய்ச்சிக்காரங்களுக்கு மாசம் ஒரு கோடி ட்வீட் வரைக்கும் இலவசமா குடுத்துச்சு, 2023ல நிறுத்திட்டாங்க. ஃபேஸ்புக்ல எது பரவுதுன்னு பார்க்க க்ரவுட்டேங்கிள் இருந்துச்சு, 2024 ஆகஸ்ட் 14ல அதுவும் போச்சு.

அரசாங்க நூலகம் காப்பாத்தும்னு நினைச்சா, அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2010ல ட்விட்டர் கூட ஒப்பந்தம் போட்டு 2006ல இருந்து எல்லா பொது ட்வீட்டையும் வாங்கிச்சு. 2018ல இருந்து பொறுக்கி எடுத்து மட்டும் சேர்க்கறாங்க. சேர்த்ததையும் ஆராய்ச்சிக்காரங்களுக்குத் திறந்து விடல. உங்க டாபிக்குக்கு தேவையான சான்று அங்க இருக்கு, தொட முடியாது.

இப்ப இருக்கற ஒரே நல்ல செய்தி ஐரோப்பால. டிஜிட்டல் சர்வீசஸ் ஆக்ட்ல 40ஆம் பிரிவு, பெரிய தளங்கள் தகுதியான ஆராய்ச்சிக்காரங்களுக்கு டேட்டா குடுத்தே ஆகணும்னு சட்டம் போட்டிருக்கு. கம்பெனி தயவுல இருந்து சட்ட உரிமைக்கு வந்திருக்கு, இது பெரிய மாற்றம்னு நான் மனசார நம்பறேன். ஆனா வரம்பு நிறைய, அங்க சமூகத்துக்கு இருக்கற ஆபத்த ஆராயறதுக்கு மட்டும்தான். உங்க பயம் நியாயமானதுதான். 2021ல வந்த பேப்பர் எத்தனையோ இன்னிக்கு யாராலயும் திரும்பச் செஞ்சு பார்க்க முடியாது, இத அந்தப் பேப்பர எழுதினவங்களே ஒத்துக்குவாங்க.

---

ஆய்வு_மாணவி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பொறுமையா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. நூலக_மேசை அக்கா சொன்ன மாதிரி இதுவரைக்கும் எடுத்த லிங்க்கெல்லாம் வேபேக்ல போட ஆரம்பிச்சுட்டேன், அதுல இப்பவே சிலது திறக்க மாட்டேங்குது.

ரெண்டு சந்தேகம் பாக்கி. ஏஐ பத்தி யாரும் சொல்லல, பத்து வருஷத்துல பேப்பர மனுஷங்க படிப்பாங்களா, மெஷின்தான் படிக்குமா? இன்னொண்ணு டேட்டா_தேடி அண்ணா கிட்ட, ட்வீட்ட அப்படியே வெளியிடக் கூடாதுன்னு ரூல் இருக்கு, அப்ப நான் எத ஸெனோடோல போடறது?

---

கோடு_எழுதறவர்:

ஏஐ பத்தி நான் சொல்றேன், அந்த வேலைலதான் இருக்கேன்.

ரெண்டு நிகழ்வ பக்கத்துல வெச்சுப் பாருங்க. 2022 நவம்பர்ல ஃபேஸ்புக்கோட தாய் கம்பெனி மெட்டா கேலக்டிகான்னு ஒண்ண விட்டாங்க, 4 கோடியே 80 லட்சம் பேப்பர், பாடப்புத்தகம் இதெல்லாம் படிக்க வெச்சு விஞ்ஞானம் எழுதித் தரும்னு. இல்லாத பேப்பர சைட் பண்ணிச்சு, தப்ப தைரியமா எழுதிச்சு, மூணே நாள்ல டெமோவ எடுத்துட்டாங்க. அதே வருஷம் ஜூலைல ஆல்ஃபாஃபோல்டுங்கற ஏஐ இருபது கோடிக்கு மேல புரதத்தோட வடிவத்த கணிச்சு இலவசமா வெளியிட்டுச்சு, 2024 வேதியியல் நோபல்ல அதுக்குப் பங்கு கிடைச்சுது. ரெண்டுமே ஏஐதான். ஆல்ஃபாஃபோல்டு எதப் படிச்சு கத்துக்கிச்சு? புரோட்டீன் டேட்டா பேங்க். அது 1971ல ஏழே ஏழு வடிவத்தோட ஆரம்பிச்சது, ஐம்பது வருஷமா ஒவ்வொரு லேபும் மாசக்கணக்கா உழைச்சு எடுத்த வடிவத்த ஒரே ஃபார்மட்ல கொண்டு வந்து போட, அங்க உக்காந்திருக்கறவங்க ஒவ்வொண்ணையும் சரிபார்த்து ஏத்தினாங்க, ஜர்னல்களும் இங்க போட்டாத்தான் பேப்பர ஏத்துக்குவோம்னு கண்டிப்பா சொல்லிடுச்சு. அந்த சலிப்பான வேலைய பண்ணினவங்க பேரு நோபல் மேடைல வரல, ஆனா அவங்க இல்லன்னா அந்த நோபலே இல்ல. நூலக அக்கா சொல்ற பாதுகாப்பு வேலை இதுதான்.

சரிபார்க்காம விட்டா என்ன ஆகும்னும் பாருங்க. 1950கள்ல ரெண்டு பத்தியா அச்சான ஒரு பேப்பர ஸ்கேன் பண்ணறப்ப, இடது பத்தில இருந்த "வெஜிடேட்டிவ்"வும் வலது பத்தில அதே உயரத்துல இருந்த "எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி"யும் ஒரே வரியா ஒட்டிக்கிச்சு. அப்படி ஒரு மைக்ராஸ்கோப்பே உலகத்துல கிடையாது. பல வருஷம் கழிச்சு அது புதுப் பேப்பர்கள்ல வர ஆரம்பிச்சுது, இப்ப ஏஐ மாடல்களும் அத எழுதுது. ஒரு ஸ்கேன் பிழை ஆவணத்துக்குள்ள நிரந்தரமா உக்காந்துடுச்சு.

எதிர்காலம்னா எனக்குத் தெரியற வரைக்கும், எழுதறது இன்னும் மலிவாகும், படிச்சு சரிபார்க்கற மனுஷ நேரம் இன்னும் அரிதாகும். அறிகுறி இப்பவே தெரியுது. 2025 அக்டோபர் கடைசில ஆர்க்கைவ் கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ரிவ்யூ கட்டுரையும் கருத்துக் கட்டுரையும் வேற இடத்துல பியர் ரிவ்யூ ஆகியிருந்தாத்தான் எடுப்போம்னு சொல்லிடுச்சு, ஏஐ எழுதினது அவ்வளவு குவியுது. அதே வருஷம் ஜூலைல ஜப்பானோட நிக்கேய் பத்திரிகை 17 ப்ரீப்ரிண்ட கண்டுபிடிச்சுது, வெள்ளைப் பக்கத்துல வெள்ளை எழுத்துல, கண்ணுக்குத் தெரியாம, "நல்ல ரிவ்யூ மட்டும் குடு"ங்கற மாதிரி ஏஐக்கு கட்டளை ஒளிச்சு வெச்சிருந்தாங்க. ரிவ்யூ பண்றவங்க தானே படிக்காம மெஷினுக்கு குடுப்பாங்கன்னு தெரிஞ்சு வெச்ச பொறி அது. ரெண்டு பக்கமும் தப்பு.

ஏஐய தேடறதுக்கு வெச்சுக்கோங்க, நானும் தினமும் வெச்சுக்கறேன். லிட்டரேச்சர் ரிவ்யூல ஒரு வரி எழுதறதுன்னா அந்தப் பேப்பரோட அந்தப் பக்கத்த நீங்களே திறந்து படிச்சிருக்கணும், அதுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க.

---

பழைய_இயற்பியல்:

கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஆர்க்கைவ் போட்ட கட்டுப்பாடு எனக்கு வருத்தம்தான். கதவு திறந்திருந்ததாலதான் பெரிய பேரு இல்லாதவங்க உள்ள வந்தாங்க. ஏஐ குப்பைய தடுக்கறேன்னு அதே பழைய "தபால் லிஸ்ட்ல இருக்கறவனுக்கு மட்டும்"ங்கற காலத்துக்குப் போயிடக் கூடாது. சரிபார்க்கறதுக்கு ஆளுக்கும் நேரத்துக்கும் காசு போடணும், ரிவ்யூ பண்றத பதவி உயர்வுல கணக்குல எடுத்துக்கணும், இத நான் போற கூட்டத்துல எல்லாம் சொல்லிட்டுத்தான் இருக்கேன்.

---

டேட்டா_தேடி:

சார் சொல்றதோட எனக்கும் உடன்பாடுதான்.

மாணவி கேட்டதுக்கு வர்றேன். முன்னாடி ட்வீட்டோட ஐடி நம்பர மட்டும் வெளியிடுவோம், வேணுங்கறவங்க அந்த நம்பர வெச்சு திரும்ப எடுத்துக்குவாங்க. எழுதினவங்க அழிச்சிருந்தா அது வராது, அதனால அவங்க விருப்பத்துக்கும் மரியாதை இருந்துச்சு. இப்ப திரும்ப எடுக்கறதுக்கு நிறைய காசு ஆகும், ஆனாலும் ஐடி லிஸ்ட்ட போடுங்க, சட்டம் மாறினா நாளைக்கு பயன்படும். அதோட முக்கியமா, எந்தத் தேதில எந்த நேரத்துல எந்தச் சொல்ல வெச்சுத் தேடினீங்க, எத்தனை வந்துச்சு, எத எதுக்காக நீக்கினீங்க, எந்தக் கோடோட எந்த வெர்ஷன், வதந்தின்னு எத எப்படி முடிவு பண்ணினீங்கங்கற கோடிங் கைடு (பதிவுகள வகைப்படுத்தற விதிமுறை), ஒரே பதிவ ரெண்டு பேர் தனித்தனியா குறிச்சப்ப எவ்வளவு ஒத்துப்போச்சு, நாள்வாரி எண்ணிக்கை டேபிள், இது எல்லாமே போடலாம், இதுல யாரோட பேரும் இருக்காது. உதாரணம் காட்டறதுக்கு ட்வீட்ட அப்படியே மேற்கோள் போடாதீங்க, சர்ச்ல போட்டா ஆள் தெரிஞ்சிடும், ஏஓஎல் பாட்டி கதைதான். வார்த்தைய மாத்தி எழுதுங்க.

மூலப் பதிவுகள என்க்ரிப்ட் பண்ணி யுனிவர்சிட்டி ரெபாசிட்டரில கட்டுப்பாட்டோட வையுங்க, கேட்டு வர்றவங்களுக்கு கமிட்டி பார்த்துக் குடுக்கும். இதுக்கான அனுமதிய எதிக்ஸ் கமிட்டி ஃபார்ம்லயே இப்பவே எழுதிக் கேளுங்க, எத்தனை வருஷம் வெச்சிருப்பீங்க, நீங்க போனப்பறம் யாரு பொறுப்புன்னு ரெண்டு பத்தி. டேட்டா எடுத்து முடிச்சப்பறம் போய்க் கேட்டா பெரும்பாலும் அழிக்கத்தான் சொல்லுவாங்க.